எண்பத்தெட்டில் ஆறு ஊமை

முப்பத்தெட்டு கிலோபைட்.
ஒரு கல்யாணப் பாட்டு முழுவதும்
அதற்குள் இருக்கிறது என்றார்கள்.
திறந்து பார்த்தேன். பாட்டு இல்லை.
அறுபதாம் கட்டையை அழுத்து,
இவ்வளவு பலத்தோடு,
இப்போது விடு.
இப்படிக் கட்டளைகள், ஆயிரக்கணக்கில்.
ஏட்டுச் சுரைக்காய்.
கறி வைப்பது கணினியின் பாடு.

என் கணினி வைத்த கறியைச் சொல்கிறேன்:
வயலின் என்று எழுதியிருந்த இடத்தில் கொசு.
புல்லாங்குழலில் குக்கர் விசில்.
மிருதங்கம் அதன் பட்டியலிலேயே இல்லாததால்
யாரோ பிளாஸ்டிக் வாளியைத் தட்டினார்கள்.
நாதஸ்வரம் கேட்டால் ஷெனாய் கொடுத்தது,
அதுவும் சளி பிடித்த ஷெனாய்.
சனிக்கிழமை, பாலம் தாண்டி, பிறையில் வரவேற்பு.
மணப்பெண் நடந்து வர இதையா போடுவது?

பாயான் லெப்பாஸில் எனக்கு இரவு வேலை.
சில்லுகளைச் சோதித்து நல்லது கெட்டது பிரிப்பது.
போகும் முன் ஓர் ஒலி வங்கியைப்
பதிவிறக்கத்தில் போட்டேன், முந்நூறு மெகாபைட்.
காலையில் ரொட்டி சானாய்ப் பொட்டலத்தோடு வந்து
அதே கோப்பைத் தட்டினால்
வயலின்கள் எழுந்து நின்றன.
பனி பெய்யும் ஏதோ ஊரில்
கோட்டு போட்டவர்கள் வாசித்த வயலின்கள்.
அந்த மண்டபத்தின் கூரை உயரம்கூடக் கேட்டது.
குறை சொல்ல ஒன்றுமில்லை,
ரெலாவ் பிளாட்டின் பதினான்காம் மாடியில்
என் கைலியைப் பார்த்து அவை
முகம் சுளித்ததைத் தவிர.

பியானோவையாவது மாற்றுவோம் என்று
ஒன்பதாம் மாடி சியூ லானிடம் போனேன்.
என்ன பாட்டு வாசிக்கப் போகிறாய் என்று மலாயில் கேட்டார்.
பாட்டு இல்லை, ஒவ்வொரு கட்டையாக என்றேன்.
மெதுவாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, ஓங்கி ஒன்று.
என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு
மின்விசிறியை நிறுத்தினார்.
கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினார்.
குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார்.
பூசணி விதையைக் கடிக்காமல்
வாயில் வைத்தபடி வியர்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.
எண்பத்தெட்டில் ஆறு ஊமை.
பக்கத்துக் கட்டையை இழுத்து நீட்டிப் பொருத்தலாம்,
பந்தியில் பற்றாமல் போனால்
ஓர் இலையை இரண்டாகக் கிழிப்பதுபோல்.
எண்பத்திரண்டு தடவை மூன்று.
கடல் ஈரத்தில் ஊறிய சுத்தியல்கள்,
ஒவ்வொன்றும் விழுவதற்குமுன் சற்று யோசித்தது.
சுருதியைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

ஒரு நொடி ஒலியை ஓயாமல் ஓட்ட
முனையை முனையில் கோர்க்க வேண்டும்.
அலை பூஜ்யத்தைத் தொடும் இடம் தப்பினால்
சுற்றுக்கு ஒரு டிக்.
மூன்று நாள் அந்த டிக்கைத் துரத்தினேன்.

வியாழன் அதிகாலை போட்டுக் கேட்டேன்.
நான்காம் அடியில் இடது கை
மயிரிழை பிந்தி விழுந்தது.
கொசுவின் ஆட்சியில் கேட்காத தாமதம்.
எட்டாம் அடியிலும். பன்னிரண்டிலும்.
பலத்தின் எண்களைப் பார்த்தேன்:
நாற்பத்தொன்று, அறுபத்தேழு, நூற்றுப் பன்னிரண்டு.
இயந்திரம் இட்டவை அல்ல.
யாரோ உட்கார்ந்து வாசித்திருக்கிறார்.
நேராக்கும் பொத்தானை அழுத்தினேன்,
பாட்டு பள்ளி அணிவகுப்பாயிற்று.
பழையபடி விட்டேன்.

கோப்பின் தலையில் ஒரு பெயர்:
சூசைநாதன், புக்கிட் மெர்தாஜாம்.
தேடிப் பிடித்துப் போன் போட்டேன்.
"எந்தப் பாட்டு?
கரோக்கேக்காரனுக்குத் தொள்ளாயிரம் அடிச்சுக் குடுத்தேன்,
ஒண்ணுக்குப் பத்து வெள்ளி."
இடது கை பிந்துகிறதே என்றேன்.
"சின்னவளை மடியில வெச்சிருந்திருப்பேன்.
இல்லைன்னா சிகரெட்டு."
வைத்துவிட்டார்.

சனிக்கிழமை மணப்பெண் நடந்து வந்தாள்.
முந்நூறு பேர் அவளைப் பார்த்தார்கள்.
இரண்டாம் சரணத்தில் மேல்கட்டை ஒன்று நீள,
அதன் வாலில்,
நான் வெட்டிவிட்டதாக நினைத்திருந்த இடத்தில்,
எங்கள் லிஃப்ட் ஒன்பதாம் மாடிக்கு வந்து நின்றது.
டிங்.
யாரும் கவனிக்கவில்லை.
கடைசி மேசையில் சியூ லான் மட்டும்
கோழித்துண்டோடு கை பாதியில் நிற்க,
யார் வருகிறார்கள் என்று
கதவைத் திரும்பிப் பார்த்தார்.